புயல் எச்சரிக்கையும் பழைய காரும்: அறிகுறி வாரியாகச் செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தென்சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டே வகை. வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த பிறகு, நகர மறுக்கும் வண்டியை என்ன செய்வது என்று கேட்பவை ஒரு வகை; வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்பவை மற்றொரு வகை. அன்றாடம் ஓடும் வண்டியை எப்படியும் மேட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். அம்பாசடர், ஃபியட் 1100, பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கான்டெசா என்று ஆசையோடு உறை போட்டு வைத்த வண்டிதான் பல மாதங்களாக ஓடாததால் இருந்த இடத்திலேயே மூழ்குகிறது. ஆகவே ஸ்டார்ட் ஆகாத வண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

அறிகுறி: எச்சரிக்கை வந்துவிட்டது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை என்றால்

முதலில் பேட்டரி முனைகளைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினாலே பல வண்டிகள் உயிர்பெற்றுவிடுகின்றன. அடுத்து மீட்டர் வைத்து அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு மின்னேற்றம். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மற்றொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். சில பழைய ஆங்கிலேய வண்டிகளில் பாசிட்டிவ் முனையே பாடியோடு எர்த் ஆகியிருக்கும் என்பதால், ஒயர் கொடுப்பதற்கு முன் எந்த முனை எர்த் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம். பேட்டரி நன்றாக இருந்தும் டக் என்ற ஒலி மட்டும் வந்தால், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரே பழுதாகியிருப்பது கடைசிச் சாத்தியம்.

சுற்றுகிறது, பற்றவில்லை என்றால்

கார்புரேட்டர் கிண்ணம் வற்றியிருப்பதே எளிய காரணம். மெக்கானிக்கல் பம்பு உள்ள பல வண்டிகளில் பம்பின் அடியில் கையால் அசைக்கும் சிறு நெம்புகோல் இருக்கும். அதைச் சில முறை அசைத்துப் பெட்ரோலை ஏற்றிவிட்டு மீண்டும் முயல வேண்டும். அதன் பின், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே ஈரத்தைத் துடைத்து, அதிலுள்ள பாயிண்ட் எனும் தொடுமுனையை மெல்லிய உப்புத்தாளால் ஒரு முறை இழுத்துவிட வேண்டும். பிளக்குகளைக் கழற்றிக் காயவைப்பது அடுத்த படி. தொட்டியில் கிடப்பது மாதக்கணக்கில் பழைய பெட்ரோல் என்றால், அதனோடு போராடாமல் புதுப் பெட்ரோலை ஒரு கேனில் வைத்து, பம்புக்கு நேராகக் குழாய் கொடுப்பது விரைவான வழி.

அழைக்க வேண்டிய கட்டம்: இவ்வளவும் செய்தும் பற்றவில்லை என்றால் அன்றைக்கு மெக்கானிக்கை அழைக்கக் கூடாது, மீட்பு வண்டியைத்தான் அழைக்க வேண்டும். கோளாறை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். ஆரஞ்சு எச்சரிக்கை நாளில் கிடைக்கும் மீட்பு வண்டி சிவப்பு எச்சரிக்கை நாளில் கிடைப்பதில்லை.

அறிகுறி: எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் பின்சக்கரப் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வது சென்னை ஈரக்காற்றில் வழக்கமான கோளாறு. பிரேக்கை விடுவித்து, முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றி மாற்றி மெதுவாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பில் மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்; இரும்புச் சுத்தியால் அடித்தால் வார்ப்பு டிரம் விரிசல் விடும். இனிமேல் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது போதுமானது.

கிளச்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால், கிளச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கிறது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, அணைத்து, கிளச்சைப் பலகை வைத்து முட்டுக்கொடுத்து ஓர் இரவு விட்டால் சில நேரம் விடும். புயலுக்கு ஓர் இரவு அவகாசம் இல்லை என்றால் நியூட்ரலில் வைத்து மீட்பு வண்டியில் ஏற்றிவிடுவதே சரி.

அறிகுறி: வண்டி நகர்கிறது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை

இந்த இடத்தில்தான் நல்ல எண்ணத்தோடு எடுக்கும் முடிவுகள் வண்டியைக் கெடுக்கின்றன. வெள்ளமும் காற்றும் வெவ்வேறு ஆபத்துகள். ஒன்றுக்குப் பாதுகாப்பான இடம் மற்றொன்றுக்கு ஆபத்தானதாக இருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலில் நகரம் பட்ட அடி முக்கியமாகக் காற்றினாலும் விழுந்த மரங்களாலும் நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையை இங்கே கடக்காமல், 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா பக்கம் போய்க் கடந்தது. ஆனாலும் 3, 4 தேதிகளில் அது கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் பல நாள் நீரில் நின்றன. எனவே எச்சரிக்கையைப் படிக்கும்போது புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதை மட்டும் பார்க்காமல், 24 மணி நேர மழை அளவையும் பார்க்க வேண்டும். 204.4 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அது அதிகனமழை. அந்தச் சொல் அறிக்கையில் இருந்தால் அடித்தள நிறுத்தத்தில் வண்டியை விடக் கூடாது.

நிறுத்த இடம் தேடும் வரிசை என் கணக்கில் இப்படி அமைகிறது. கான்கிரீட் கூரையுள்ள பலமாடி நிறுத்துமிடத்தின் முதல் தளமோ அதற்கு மேலுள்ள தளமோ முதன்மையானது. தியாகராய நகரில் மாநகராட்சியின் பலமாடி நிறுத்துமிடம் போன்றவை இதற்கு ஏற்றவை. திறந்த மேல்தளத்தைத் தவிர்த்து நடுத்தளத்தில் நிறுத்தினால் காற்றும் அடிக்காது. வணிக வளாகங்களில் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருந்தால், அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை, அதுவும் அடித்தளம்தான். அடுத்தது மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுப் போர்டிகோ. மூன்றாவதுதான் மேம்பாலம். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களை நிறுத்தியது நாடறிந்தது; அபராதம் விதிப்பதாகப் பரவிய செய்தியைக் காவல்துறை மறுத்தது. நீரிலிருந்து அது முழுப் பாதுகாப்பு. ஆனால் பளபளக்கும் பெயின்ட்டும் மாற்றுக் கிடைக்காத கண்ணாடியும் உள்ள வண்டிக்கு, ஆள் பார்வையில்லாத திறந்த பாலம் நல்ல இடமாகாது. வேறு வழியில்லை என்றால் இடது ஓரத்தில் ஒட்டி நிறுத்தி, கியரில் போட்டு, கட்டை வைத்து, அசல் ஆவணங்களை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

எங்கே நிறுத்தினாலும் மரம், விளம்பரப் பலகை, தகரக்கூரை, நீண்ட சுற்றுச்சுவர் ஆகியவற்றின் அருகே நிறுத்தக் கூடாது. காற்றுக்கு மறைவாக இருக்கிறது என்று சுவரை ஒட்டி விடுபவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது, புயலின் கண் கடந்த பின் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும் என்பதே. வெளியில் நிற்கும் வண்டிக்கு உறை போடவும் கூடாது. உறைக்குள் புகுந்த மணலை வைத்துக் காற்று இரவு முழுக்கப் பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.

அறிகுறி: வண்டியை வெளியே எடுக்கவே வழியில்லை

எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது, சக்கரம் இல்லை, அல்லது தெருவிலேயே நீர் வந்துவிட்டது. தெரு நீர் சக்கரத்தின் நடு அச்சு மட்டத்தைத் தாண்டியிருந்தால் ஓட்டிப் போக முயலக் கூடாது. எதிரே வரும் பேருந்து எழுப்பும் அலை ஒன்று போதும், ஏர் கிளீனருக்குள் நீர் புக.

எர்த் முனையை முதலில் கழற்றிப் பேட்டரியை வெளியே எடுத்து மாடியில் வைக்க வேண்டும். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், டைனமோ அல்லது ஆல்ட்டர்னேட்டர் என்று எளிதில் கழலும் பாகங்களைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். உதிரி கிடைக்காத வண்டிக்கு இந்த அரைமணி வேலை பின்னால் மாதக்கணக்கான தேடலை மிச்சப்படுத்தும். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் முனையையும் கிரீஸ் தடவிய துணியும் பிளாஸ்டிக் உறையும் வைத்து இறுகக் கட்ட வேண்டும். பெட்ரோல் மூடியின் மீதும் அப்படியே. சீட்டுகள் நான்கு போல்ட்டில் வந்துவிடும் என்றால் அவற்றையும் மேலேற்றிவிடலாம், ஏனெனில் தேங்காய் நாரும் பஞ்சும் வைத்துத் தைத்த பழைய சீட் ஒரு முறை நனைந்தால் தேறாது.

ஜாக்கி ஸ்டாண்டு மேல் தூக்கி நிறுத்தலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓர் அடி வரை நீர் வரும் இடத்தில் அது பயன்படும். அதற்கு மேல் வரும் இடத்தில் ஆபத்து. ஒரு கன மீட்டர் நீர் 1,000 கிலோவைத் தாங்கும்; 1,100 கிலோ எடையுள்ள வண்டியின் தரைத்தகட்டுக்கு மேல் ஒரு முழத்துக்கும் குறைவாகவே நீர் ஏறினாலும் வண்டி மிதக்கத் தொடங்கி, ஸ்டாண்டிலிருந்து நழுவிப் பக்கத்துத் தூணில் மோதும். வேடிக்கை என்னவென்றால், புதுக் கதவு ரப்பர் போட்டுச் செலவழித்துப் புதுப்பித்த வண்டிதான் நன்றாக மிதக்கிறது. ரப்பர் போன வண்டி நீரை உள்ளே வாங்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. நீர் இடுப்பளவு வரக்கூடிய இடம் என்றால் ஸ்டாண்டை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் இழுவைக் கொக்கியில் தடித்த கயிறு போட்டுத் தூணில் சற்றுத் தளர்வாகக் கட்டுவது மேல். முழு வண்டியையும் தார்ப்பாயில் பொட்டலம் கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. சிறு கிழிசல் ஒன்று போதும், நீர் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றி நிற்கும்.

அறிகுறி: மழை விட்ட பின்னும் நீர் ஏறுகிறது

மழை நின்றதும் ஆபத்து முடிந்தது என்று எண்ணி, ஏற்றி வைத்த வண்டியை இறக்கிவிடுபவர்கள் உண்டு. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றில் பெருகி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளை மூழ்கடித்தது. அடையாற்றங்கரையில் இருப்பவர்கள் மழை அளவோடு ஏரித் திறப்பு அறிவிப்பையும் கவனிக்க வேண்டும். பள்ளிக்கரணைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு: சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்துதான் கடலுக்குப் போக வேண்டும் என்பதால், கடல் ஏற்றமாக இருக்கும்போது வடிவது மந்தமாகும்.

அடித்தளத்தில் வாயில் வழியே நீர் வராமல் தரையிலுள்ள வடிகால் மூடி வழியே கொப்பளித்தால், மணல் மூட்டை அடுக்கிப் பயனில்லை. மின்சாரம் நின்றால் பம்பும் நின்றுவிடும். அடித்தளத்தில் மின்மீட்டர்ப் பலகை இருந்து, நீர் தேங்கத் தொடங்கிவிட்டால், எந்த வண்டிக்காகவும் கீழே இறங்கக் கூடாது. மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே போக வேண்டும்.

நீர் வடிந்த பின்: எதையும் தொடுவதற்கு முன்

சாவியைத் திருகக் கூடாது. வெள்ளத்தில் நின்ற வண்டியில் வெள்ளம் செய்த சேதத்தைவிட, அதன் பின் ஸ்டார்ட் செய்து பார்த்ததால் நேர்ந்த சேதத்துக்கே நான் அதிகம் செலவு சொல்லியிருக்கிறேன்.

நீர் நின்ற மட்டத்தைக் காட்டி வண்டியின் வெளியிலும் உள்ளேயும் படிந்த சேற்றுக் கோட்டினை, பக்கத்தில் அளவு நாடா வைத்து, கழுவுவதற்கு முன் படமெடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பின்பே பிரிக்கத் தொடங்க வேண்டும். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுமையான பாலிசி இருந்தாலும், நீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து உடைத்தால் அதைப் பின்விளைவுச் சேதம் என்று கூறி மறுப்பது வழக்கம். அதற்கெனத் தனியாக எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், பழைய வண்டிகளுக்கோ பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை.

அறிகுறி: தரைவிரிப்பு மட்டும் நனைந்திருக்கிறது

சேற்றுக்கோடு சீட்டுக்குக் கீழே நின்றிருந்தால் பெரும்பகுதி வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. விரிப்பையும் அதன் அடியிலுள்ள மெத்தைத் துணியையும் வெளியே எடுத்து, தரைத்தகட்டிலுள்ள ரப்பர் அடைப்புகளைப் பிடுங்கி நீரை வடித்து, நல்ல நீரால் சேற்றைக் கழுவ வேண்டும். மேலே விரிப்பு காய்ந்தது போலிருக்கும், அடித்துணி வாரக்கணக்கில் ஈரமாக இருந்து தகட்டைத் தின்னும். கதவின் உள்பலகை நனைந்திருந்தால் கழற்றி நிழலில் தட்டையாக வைத்துக் காயவைக்க வேண்டும். தோலையும் மரத்தையும் வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

நீர் அச்சு வரை வந்திருந்தால் நான்கு சக்கர பெயரிங்குகளையும் கழற்றிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலை மூச்சுக்குழாய் வழியே நீர் புகுந்திருக்கும் என்றே கருதி மாற்றிவிடுவது நல்லது. ஆயில் விலை டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பற்சக்கரத்தின் விலையைவிட மிகக் குறைவு.

அறிகுறி: ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில் பால் கலந்த டீயின் நிறம்

எஞ்சினுக்குள் நீர் புகுந்து ஆயிலோடு கடையப்பட்டிருக்கிறது. யாரோ ஒரு முறை சுற்றிவிட்டிருக்கிறார்கள் என்பதும் இதிலிருந்து தெரியும். ஆனால் கம்பி சுத்தமாக இருப்பதால் மட்டும் நிம்மதி அடையக் கூடாது. ஓடாத எஞ்சினில் நீர் ஆயிலுக்கு அடியில் தனியாகத் தங்கியிருக்கும். ஆயில் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்திருப்பதே ஒரே தடயம். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் அடி போல்ட்டைச் சற்றே தளர்த்தினால், நீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும்.

நீர் வந்தால் முழுவதையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, மலிவான புது ஆயில் ஊற்றி, கீழே சொல்லும் சோதனையில் எஞ்சின் சுற்றிய பிறகு சில நிமிடம் ஓட்டி, மறுபடி வடித்து, ஆயில் தெளியும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அறிகுறி: எஞ்சின் சுற்ற மறுக்கிறது

எளிய காரணம் பேட்டரியோ ஸ்டார்ட்டரோ நனைந்திருப்பது. கனமான காரணம் சிலிண்டருக்குள் நீர் நிற்பது. இரண்டையும் பிரித்தறிய ஸ்டார்ட்டரைப் பயன்படுத்தக் கூடாது. எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். முன்பக்கம் கைப்பிடி நுழைக்கும் துளை உள்ள பழைய அம்பாசடர், ஃபியட் உரிமையாளர்களுக்கு இது எளிது. மற்றவற்றில் கிராங்க் கப்பி போல்ட்டில் ஸ்பானர் போட்டுச் சுற்றலாம்.

நீர் பீய்ச்சி அடித்துக்கொண்டு எஞ்சின் சுற்றினால் நல்ல செய்தி. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, நீர் நிற்கும் வரை சுற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது மெல்லிய ஆயில் விட்டு மறுபடி சுற்ற வேண்டும். பிறகே பேட்டரி மாட்டலாம். பிளக் கழற்றியும் சுற்றவில்லை என்றால் பிஸ்டன் வளையங்கள் துருவில் பிடித்திருக்கின்றன. துளைகளில் துரு இளக்கும் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். நீளமான குழாய் மாட்டிப் பலத்தைக் கூட்டக் கூடாது.

அழைக்க வேண்டிய கட்டம்: ஊறவைத்தும் அசையாவிட்டால், அல்லது சுற்றிக்கொண்டே வந்து ஓரிடத்தில் முட்டி நின்றால், ஹெட்டைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும். டீசல் எஞ்சின் என்றால் தொடக்கத்திலேயே அவரிடம் போக வேண்டும். அதன் அழுத்தம் அதிகம். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைய, சாவியை ஒரு முறை திருகினாலே போதும்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் தட்டல் கேட்கிறது

நீரில் ஓட்டும்போது நின்று, பிறகு யாரோ ஸ்டார்ட் செய்து ஓடவிட்ட வண்டியில் இது கேட்கும். உடனே அணைத்துவிட வேண்டும். கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் ராடு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். வளைந்த ராடோடு சில வாரம் ஓடும் வண்டிகள் உண்டு. பிறகு அது பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். உதிரி கிடைக்கும் எஞ்சினை அப்போது சரிசெய்துவிடலாம், பிளாக் உடைந்த ஹெரால்டுக்கு எங்கே போவது?

அறிகுறி: பிரேக் மிதி ஆழமாகப் போகிறது, அல்லது சக்கரம் இழுக்கிறது

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ரிசர்வாயர் மூடி வரை நீர் வந்திருந்தால் முழுவதையும் வடித்து மாற்ற வேண்டும். டிரம்களைக் கழற்றிச் சேற்றைக் கழுவி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பழுப்பு நீர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் நான்கு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிட்டை மாற்றுவதே பாதுகாப்பு. பிரேக் வேலை பழக்கம் இல்லாதவர்கள் இதில் தாமாக இறங்க வேண்டாம்.

அறிகுறி: ஹாரன் தானாக அடிக்கிறது, விளக்குகள் மாறி எரிகின்றன

பழைய வண்டியில் ஃபியூஸ் பெட்டியையும் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றித் துடைத்து, காயவைத்து, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் ஸ்ப்ரே அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். டைனமோவும் ஸ்டார்ட்டரும் பிரித்துச் சூளையில் காயவைக்கும் கடைகளில் மீட்கப்படுகின்றன. தூக்கி எறிய வேண்டாம். கணினிப் பெட்டியும் ஏர்பேக்கும் உள்ள புதிய வண்டியில் மஞ்சள் நிற இணைப்புகளைத் தொடாமல் எலெக்ட்ரீஷியனிடம் விட வேண்டும். மின்சாரக் காராக இருந்தால் ஆரஞ்சு நிறக் கேபிள்களை நெருங்கவே கூடாது. கட்டடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தச் செய்து, நிறுவனத்தின் பணியாளர் வரும்வரை சார்ஜ் போடாமல் விட்டுவிட வேண்டும்.

அறிகுறி: ஓடிக்கொண்டே இருமுகிறது, நின்றுவிடுகிறது

தொட்டியில் நீர். இப்போது விற்பனையாகும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். பம்பு முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றி நீர்த்துவிடலாம் என்ற முயற்சி பலிக்காது. அடித்திருகு வழியே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால் கோடு தெரியும். தெரிந்தால் தொட்டியை முழுவதும் காலி செய்து, பைப்பையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் கழுவ வேண்டும். இந்த வேலையை மூடிய போர்டிகோவில் செய்யக் கூடாது.

அறிகுறி: எல்லாம் சரியாகி வாரங்கள் கழித்துப் பெயின்ட் குமிழ்கிறது

கதவின் அடிவிளிம்பு, ரன்னிங் போர்டுக்கு உள்ளே உள்ள பெட்டிப் பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் பள்ளம் ஆகிய மூன்று இடங்களில்தான் இது முதலில் தோன்றும். உள்ளே தங்கிய சேறு ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடற்கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் நின்ற வண்டியில் உப்பும் சேர்ந்திருக்கும். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி, குழாயை உள்ளே விட்டு நல்ல நீர் தெளிவாக வரும் வரை கழுவி, சில நாள் வெயிலில் காயவிட்டு, மெழுகு கலந்த துருத்தடுப்பு ஆயிலை உள்ளே அடிக்க வேண்டும். கழுவாமல் வெளியில் மட்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் டின்கரிடம் வண்டியை விட வேண்டாம். விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அங்கே தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யச் சொல்லி, வைத்த பிறகு பெயின்ட்டுக்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.